மழை வந்தால் மேல்பலகை

செத்துப்போன செடிகளைப் பார்க்கக் கடல் தாண்டிப் போன ஆள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையத்தில் சீருடை போட்ட ஓர் இளைஞர் என் பைக்குள் இருந்த உப்புமானியை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு முனையில் ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டு, மறுமுனையில் கண்ணை வைத்தால் எவ்வளவு உப்பு என்று காட்டுகிற சின்னக் குழாய் அது. விளக்கிச் சொன்னேன். அவர் பக்கத்தில் நின்றவரிடம் சிங்களத்தில் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். பின்னால் நின்ற பெரியவர் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்: "உப்புப் பார்க்க நாக்குப் போதாதா என்று கேட்கிறார்." நியாயமான கேள்வி என்பதால் கோபம் வரவில்லை.

நான் முத்துப்பேட்டைக்காரி. காவிரி தன் கடைசித் தண்ணீரைக் கடலுக்குக் கொடுக்கிற இடத்தில், அலையாத்திக் கன்றுகளோடு பல வருஷமாக மல்லுக்கட்டி வருகிறேன். இணையவழிக் கூட்டம் ஒன்றில்தான் ஜெசீமாவைத் தெரியும். இலங்கையின் மேற்குக் கரையில், முந்தல் என்ற ஊருக்குப் பக்கத்தில், கைவிடப்பட்ட மூன்று இறால் பண்ணைக் குளங்களில் அவரும் அவருடைய தெருப் பெண்களும் இரண்டு மழைக்காலம் கன்று நட்டிருந்தார்கள். இரண்டு முறையும் ஒன்றுகூட மிஞ்சவில்லை. படம் படமாக அனுப்புவார். நானும் இது நண்டாக இருக்கும், அது ஆடாக இருக்கும் என்று இங்கிருந்தபடி ஜோசியம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பொறுமை போய், "போட்டோவப் பாத்துச் சொல்லேலாதுண்டா நேர வந்து பாருங்க தாத்தா. சோறு நான் தாறேன்" என்றார். தாத்தா என்றால் அந்தப் பக்கத்து முஸ்லிம்களுக்கு அக்கா. எங்கள் ஊரில் லாத்தா என்பார்கள். ஐம்பது வயதில் தாத்தாவானதை என் பிள்ளைகள் இன்னும் மறக்கவில்லை.

முந்தல் வழியாகப் போகிற பஸ்ஸில் என் பக்கத்தில் சிலாபம் போகிற சிங்களப் பெண்மணி ஒருவர். எனக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு என் மொழி பத்துச் சொல் தெரியும். வழியில் ஏறிய வியாபாரியிடம் இறால் வடை வாங்கி என் மடியில் வைத்தார். நான் மறுபடி வாங்கி அவர் மடியில் வைத்தேன். இப்படியே மரியாதை செய்து செய்து இருவரும் வயிறு முட்டத் தின்றோம். அவர் சிலாபத்தில் இறங்கியது தெரியும். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. கண் விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வெள்ளையாய் உப்புக் குவியல்கள், வரிசையாய் லாரிகள், இலையெல்லாம் சிமெந்துத் தூசி படிந்த மரங்கள். பாலாவிச் சந்தி. முந்தல் எப்போதோ பின்னால் போய்விட்டது.

கொண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு ஆட்டோக்காரர் மட்டும் உற்சாகமாக வந்தார். "முந்தலுக்கா? ஏறுங்க. ஆனா என்ட ஆட்டோவுலயும் நித்திர கொண்டுறாதீங்க, பிறகு சிலாபத்துலதான் எழும்புவீங்க." வழியெல்லாம் அவரே பேசினார், எனக்குத் தூங்க வழியில்லை.

ஜெசீமாவின் வீடு களப்பிலிருந்து, நம் சொல்லில் காயலிலிருந்து, கூப்பிடு தூரம். குசினி என்கிற சமையலறையின் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு ஓடியது. சுண்ணாம்பு அடித்தும் போகாத கோடு. பிட்டும் மீன் ஆணமும் பரிமாறிக்கொண்டே அதைக் கரண்டியால் காட்டினார்.

"போன மழைக்குத் தண்ணி அந்தளவுக்கு நிண்டது. நான் விடிய எழும்பி வாறேன், சோத்துச் சட்டி என்னக் கண்டுட்டு மிதந்து மிதந்து வருது."

சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் அதைச் சொல்லி முடித்த கையோடு கதையின் மறுபாதியையும் சொன்னார். களப்புக்கும் அவர்கள் தெருவுக்கும் நடுவில் இருப்பது அந்த மூன்று குளங்கள்தான். வெள்ளைப்புள்ளி நோய் வந்து இறால் அத்தனையும் செத்த பிறகு பண்ணை மூடிக் கிடக்கிறது. வரம்பைக் கவனிப்பார் இல்லாமல் மழைக்கு மழை கரைகிறது. கரையோரம் கண்டல், அதாவது அலையாத்திக் காடு, பிடித்துக்கொண்டால் வரம்பு நிற்கும், தெருவும் தப்பும். பண்ணைக்குச் சொந்தக்காரரான ஹாஜியாரிடம் ஜெசீமாவே போய்க் கேட்டு, கன்று நட அனுமதி வாங்கினார். ஹாஜியாரின் மகனுக்கோ நிலத்தை உப்பளம் போட உப்புக்காரருக்குக் கொடுக்க ஆசை. உப்புக்காரர் வந்தால் தங்கள் பக்கத்து வரம்பை உயர்த்திக்கொள்வார்கள். மழைக்கு ஏறுகிற தண்ணீர் அப்போது எங்கே போகும்? குசினிக்குத்தான்.

"வாற வெள்ளிக்கிழம ஜும்மா முடிஞ்சி ஹாஜியார் பாக்க வாறாரு. பச்ச ஒண்டாவது காட்டு, நான் மகன்ட வாய மூடுறேன்டு சொல்லி இரிக்காரு. காட்டாட்டி சரி, கத முடிஞ்சிது."

நான் போய்ச் சேர்ந்தது சனிக்கிழமை. ஒரு வாரத்தில் எந்த மரம் முளைக்கும்? வந்திருக்கவே கூடாதோ என்றுகூடத் தோன்றியது.

ஞாயிறு காலை பாணும் சம்பலும் தின்றுவிட்டுக் குளத்துக்குப் போனோம். பாண் என்கிற இந்த ரொட்டி எங்கள் ஊரில் காய்ச்சல்காரனுக்குக் கொடுப்பது. இங்கே தேங்காய்ச் சம்பலை அப்பிச் சாப்பிட்டால் காய்ச்சலே தேவலை என்று தோன்றும் அளவுக்கு உறைப்பு. கண்ணில் நீரோடு நான் நடப்பதைப் பார்த்து, எதிரே வந்த ஆள் ஜெசீமாவிடம் பதறிப்போய் விசாரித்தார்.

"என்ன, அக்கா அழுறா? இன்னும் செடியளைக் காட்டவேயில்லையே."

அவர்தான் தவராசா. போர்க்காலத்தில் வன்னியிலிருந்து குடும்பத்தோடு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். பண்ணை ஓடிய காலத்தில் அவருக்குத் தண்ணீர் வேலை. எப்போது உள்ளே விடுவது, எப்போது வெளியே விடுவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. பண்ணை மூடிய பிறகும் ஹாஜியார் அவரைக் காவலுக்கு வைத்திருக்கிறார். வரம்பின் மேல் ஓலை வேய்ந்த காவல் கொட்டில், அதற்குள் உட்கார ஒரு கதிரை, கேட்க ஒரு ரேடியோ. பெண்கள் கன்று நட்டபோது அவரும் சேற்றில் இறங்கி நட்டார். ஆடு வராமல் வேலி கட்டியதும் அவர்தான்.

மூன்றில் முதல் குளத்தைப் பார்த்தேன். கலங்கிய தண்ணீர் முழங்கால் ஆழத்துக்கு நின்றது. அதில் வரிசை வரிசையாகக் காய்ந்த குச்சிகள். ஒரு குச்சியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து வழுவழுத்தது. நண்டு கடித்த அடையாளம் இல்லை. ஆடு மேய்ந்த அடையாளமும் இல்லை. என் ஜோசியம் அத்தனையும் பொய். உப்புமானியை எடுத்துப் பார்த்தேன். கடல் தண்ணீரைத் தாண்டிய உப்பு.

அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கோடை முழுக்க வெயிலில் நின்ற தண்ணீர் உப்பாகத்தான் இருக்கும். மழை வந்து அதைக் கழுவ வேண்டும். "நட்டது எப்போது?" என்று கேட்டேன்.

"மழ தொடங்கினதோடதான் தாத்தா."

"செத்தது?"

"மழ முடியிறதுக்குள்ள."

இதுதான் எனக்கு விளங்கவில்லை. வெயிலில் செத்தால் காரணம் உண்டு. ஊரெல்லாம் மழையில் தளிர்க்கும்போது இந்தக் கன்றுகள் மட்டும் ஏன் மழையில் சாக வேண்டும்? வரம்பின் மேலேயோ, வெளிப்பக்கம் சாய்ந்து நின்ற பழைய கண்ணா மரங்கள் கொழுகொழுவென்று இருந்தன. எங்கள் ஊரில் நாங்கள் அலையாத்தி என்கிற அதே மரம். கிளையெல்லாம் அவரைக்கொட்டை அளவுக்குக் காய். அதே களப்பு, அதே மண். மரத்துக்கு ஒரு குறையும் இல்லை.

தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் வாய்க்கால் வெட்டலாம் என்றேன். முத்துப்பேட்டையில் நாங்கள் மீன் முள் மாதிரி நடுவில் ஒரு வாய்க்காலும் இரு பக்கம் கிளைகளுமாக வெட்டித்தான் தண்ணீரை ஓட விடுவோம். தெரிந்த மருந்தை எல்லா நோய்க்கும் கொடுக்கிற வைத்தியர் ஆகிவிட்டேன். ஜெசீமா நம்பிக்கையோடு தலையாட்டியதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை வாய்க்காலுக்குக் கயிறு பிடித்து அடையாளம் போட்டோம். மத்தியானம் காவல் கொட்டிலில் சோற்றுப் பார்சலைப் பிரித்தோம். சிவப்பரிசிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், ஒரு துண்டுப் பாரை மீன். பசி காதை அடைத்தது. ஜெசீமா சம்பலை எனக்குத் தொலைவாக நகர்த்தி வைத்தார்.

இரண்டு கவளம் போயிருக்கும். வானம் இருண்டது தெரியும், மழை இவ்வளவு சீக்கிரம் வரும் என்று தெரியாது. கூரையில் முதல் சொட்டுகள் விழுந்ததும் தவராசா எழுந்தார். கை கழுவவில்லை, கறிக்கையோடு மழைக்குள் ஓடினார். அவர் போன வேகத்தைப் பார்த்து யாரோ தண்ணீரில் விழுந்துவிட்டார்கள் என்றே நினைத்து நானும் எழுந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு காகம் உள்ளே வந்து அவருடைய பாரை மீனைக் கொத்திக்கொண்டு போயிற்று. ஜெசீமா மட்டும் ஒன்றும் நடக்காதது போல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கே ஓடுகிறார்?"

"மேப்பலக தூக்க."

"என்ன பலகை?"

"மழ வந்தா மேப்பலக தூக்கணும்தானே தாத்தா" என்றார், சூரியன் கிழக்கே உதிக்கும் என்று சொல்கிற குரலில்.

நனைந்துகொண்டே போய்ப் பார்த்தேன். குளத்திலிருந்து களப்புக்குத் தண்ணீர் போகிற இடத்தில் ஒரு மதகு. தவராசா அதைத் துருசு என்பார். இரு பக்கச் சுவரிலும் நெடுக ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகிய பலகைகள். மேலே இருந்த பலகையை அவர் உருவி எடுத்து வரம்பில் வைத்திருந்தார். பெய்கிற மழைத் தண்ணீர் மேலாக, பாவாடைக் கரை மாதிரி மெல்லிசாக வழிந்து களப்புக்குள் போய்க்கொண்டிருந்தது. அவர் முகத்தில் ஒரு நிம்மதி.

"இனிப் பயமில்லை அக்கா. நல்ல தண்ணி மேலால போகும், உப்புத் தண்ணி கீழ நிக்கும்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசு. சடாரென்று கலக்காது, மேலே மிதக்கும். இறால் வளர்க்கிறவனுக்கு அது விஷம். உப்பு திடீரென்று குறைந்தால் இறால் தாங்காது. அதனால் இந்தக் கரையில் பண்ணை வேலை செய்த எல்லாருக்கும் மழை என்றால் மேல்பலகைதான். சரியான பழக்கம். இறாலுக்குச் சரியான பழக்கம். ஆனால் இந்தக் குளத்தில் இப்போது இறால் இல்லையே! கன்று குடிக்க வேண்டிய ஒரே நல்ல தண்ணீரை மனிதர் மழைக்கு மழை ஓடிவந்து வெளியே ஊற்றியிருக்கிறார். கன்றின் காலடியில் உப்பை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார்.

உப்புமானியை அவர் கையிலேயே கொடுத்தேன். முதலில் வழிகிற தண்ணீர் ஒரு சொட்டு. அடுத்தது, போத்தலைக் கவிழ்த்து அடியில் கொண்டுபோய் நிமிர்த்திப் பிடித்த தண்ணீர் ஒரு சொட்டு. கண்ணை வைத்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு நாக்கில் வைத்துப் பார்த்தார். விமான நிலையத்து இளைஞர் சொன்னது சரிதான், நாக்கே போதும்.

"அப்ப நான்தான்..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. முகம் கறுத்துவிட்டது. "இல்லை அக்கா, நீங்கள் விளங்காமல் கதைக்கிறியள். மழைத் தண்ணியை விடாமல் வைச்சிருக்கேலாது. ஒருக்கா நான் பிந்திப் போய் ஒரு குளத்து இறால் முழுக்க விடிய ஓரத்தில ஒதுங்கிக் கிடந்தது. என்ரை கண்ணால பாத்தனான்."

"இறால் எங்கே இருக்கிறது தவராசா?"

அவர் குளத்தைப் பார்த்தார். மழை அடித்துக்கொண்டிருந்தது. பலகையைக் கையில் எடுத்து நின்றார். பின்னாலேயே வந்த ஜெசீமா வாயில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லாஹ். எங்கட வாப்பா காலத்துலேருந்து மழ பெஞ்சா சோத்த வெச்சிட்டு ஓடுறதக் கண்டு வளந்தவ நான். இது பிழயா இரிக்கும்டு ஒரு நாளும் நெனைக்கல்லயே. தவராசாண்ணன் போகாட்டி நானே போயிருப்பேனே."

அந்த ஒரு வாக்கியத்துக்காக ஜெசீமாவை எனக்கு இன்னும் பிடித்துப்போயிற்று. தவராசா மேல் பழி போடாமல் தானும் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

செய்ய வேண்டியது தலைகீழ் வேலை. மேல்பலகை இருக்க வேண்டும், அடிப்பலகை எழும்ப வேண்டும். உருவிய மேல்பலகையைத் திரும்பச் செருகி, பலகைகளை எல்லாம் சேர்த்துச் சற்றே தூக்கி, அடியில் இரண்டு கல்லை முட்டுக் கொடுத்தோம். கனத்த உப்புத் தண்ணீர் அடி வழியே கறுப்பாகக் குமிழ்விட்டுக் களப்புக்குள் போனது. பாடுபட்டது தவராசாதான். களப்பின் மட்டம் அப்போது தாழ்வாக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். முழங்கால் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கினால் போதும், அதற்கு மேல் நின்றால் இளங்கன்று மூச்சு முட்டிச் சாகும் என்று சொன்னேன். அவர் ஒரு தடியை நட்டுக் கணுக்கால் உயரத்தில் துணி கட்டினார்.

சோற்றுப் பார்சல் நனைந்து ஊறிப் போயிருந்தது. "மழைக்குள்ள நான் ஒரு நாளும் சாப்பாட்டை முடிச்சதில்லை" என்று மட்டும் தவராசா சொன்னார்.

செவ்வாய் மழை. புதனும் மழை. குளத்தில் செய்ய ஒன்றுமில்லை, அதன் பாட்டில் விட வேண்டும். வாய்க்கால் திட்டத்தைக் கயிற்றோடு சுருட்டி வைத்தாகிவிட்டது. சும்மா இருந்தால் வெள்ளிக்கிழமையை நினைத்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று ஜெசீமா என்னைக் கற்பிட்டிக்கு அழைத்துப் போனார். போகிற வழியில் பஸ் நின்றது. நடுவீதியில் கழுதைகள், ஒரு குடும்பமே. சாரதி ஹோர்ன் அடித்தார், கொண்டக்டர் இறங்கிக் கைதட்டினார், கழுதைகள் மழையை ரசித்துக்கொண்டு நின்றன. பின் சீட்டில் ஒருவர் சிங்களத்தில் சொன்னதை ஜெசீமா காதில் சொன்னார்: "இவங்களுக்கும் டிக்கெட் போட்டு ஏத்துங்கண்டு சொல்றாரு."

கற்பிட்டியில் வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே மணல் பாதை. ஒல்லாந்தர் என்கிற டச்சுக்காரர் கட்டிய கோட்டையை வெளியே நின்று பார்த்தோம். எனக்குக் கோட்டையைவிடக் கருவாட்டுக் கடைகள் முக்கியம். எங்கள் ஊர்க் கருவாட்டுக்குக் குறைந்தது எதுவும் இல்லை என்ற திமிரோடுதான் உள்ளே போனேன். கட்டாக் கருவாட்டை முகர்ந்ததும் திமிர் அடங்கி இரண்டு கட்டு வாங்கினேன். கடைக்காரர், "இந்தியாவுக்கா? ப்ளேன்ல நாத்தம் அடிச்சா என்ட கட பேரச் சொல்லாதீங்க" என்று நாலு பையில் சுற்றிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் பாலாவியில் பஸ் மாற நிற்கும்போது ஜெசீமா, "ஹாஜியார்ட நான் வாக்குக் குடுத்திட்டேன் தாத்தா. தெருவுல இனி எந்த மூஞ்சோட நடக்குறது?" என்றார். எதிரே உப்பு மூட்டை ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது, அதையும் சொன்னேன்.

வியாழன் காலை மழை விட்டு வானம் வெளுத்தது. விடிந்தும் விடியாமல் வாசலில் தவராசாவின் குரல். "ஜெசீமா! அக்காவையும் கூட்டிக்கொண்டு வா! கெதியா!" மனிதர் திங்கட்கிழமைக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அது. செருப்பைக்கூடப் போடாமல் ஓடினோம்.

தண்ணீர் துணி கட்டிய அளவுக்கு இறங்கியிருந்தது. அது இறங்கிய இடமெல்லாம், குளத்தைச் சுற்றிக் கொலுசு போட்ட மாதிரி, பச்சையாக ஒரு கோடு. குனிந்து பார்த்தேன். கண்ணாக் காய்கள். வரம்பு மரங்களிலிருந்து மழையில் உதிர்ந்தவை. தோல் உரிந்து, இரட்டைப் பருப்பு விரிந்து, சேற்றில் உட்கார்ந்திருந்தன. ஒன்றைத் தொட்டு ஆட்டினேன். ஆடவில்லை. அடியில் வெள்ளை மீசை போல வேர் இறங்கிவிட்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு முழுவதும் உறைத்தது. இவ்வளவு காலமும் இந்தக் காய்கள் மழைக்கு மழை உதிர்ந்துதான் இருக்கின்றன. மிதக்கிற காய், மேல்தண்ணீரோடு மேல்பலகை வழியே களப்புக்குப் போய்விடும். இந்தமுறை மேல்பலகை மூடியிருந்தது, தண்ணீர் அடி வழியே போனது. போக வழியில்லாத காய் ஓரத்தில் ஒதுங்கி, தண்ணீர் வடிந்த இடத்தில் காலை ஊன்றிக்கொண்டது. இத்தனை நாளும் நாங்கள் நடுவதற்கு ஆள் தேடினோம், மரமே ஆள் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

ஜெசீமா அப்படியே வரம்பில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன், இந்தமுறை சம்பல் காரணமில்லை. தவராசா மட்டும் அழவில்லை. ஒவ்வொரு காயாகக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஹாஜியார் வந்தார். இடுப்பில் வெள்ளைச் சாரம், தலையில் தொப்பி, கையில் குடை. ஒல்லியான, குரல் பெரிய மனிதர். குளத்தின் நடுவே நின்ற செத்த குச்சிகள்தான் முதலில் அவர் கண்ணில் பட்டன.

"என்ன ஜெசீமா, போன வருசத்துக் குச்சியத்தானே காட்டுற?"

"அங்க இல்ல ஹாஜியார். காலடியில பாருங்க."

குனிந்து பார்த்தார். பிறகு குடையை ஊன்றி, முழங்கால் மடக்கிக் கஷ்டப்பட்டு உட்கார்ந்தார். ஒரு முளையை இரு விரலால் பிடித்து மெல்ல இழுத்தார். வரவில்லை. அடுத்ததை இழுத்தார். அதுவும் வரவில்லை. மூன்றாவதை இழுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"பண்ண ஓடின காலத்துல இதுகள வரம்புல வளரவிடாமப் புடுங்கினவன் நான். யாரு நட்டது?"

"ஒருத்தரும் நடல்ல. தானா வந்தது. நாங்க பலகய மாத்தினோம், அவ்வளவுதான்."

அவர் இன்னொரு கேள்வி கேட்க வாயைத் திறந்தார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஹாஜியாரின் உடம்பு கேள்வியை விட்டுவிட்டு எழுந்தது. "தவராசா! மழ! மேப்பலக!"

தவராசாவின் வலது கால் முன்னால் போய்விட்டது. அதை என் கண்ணால் பார்த்தேன். ஜெசீமாவும் பார்த்தார். அந்தக் கால் சேற்றில் ஒரு கணம் நின்றது. பிறகு அவர் அதை மெதுவாகப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

"இல்லை ஹாஜியார். நான் போகேல்லை."

எத்தனையோ வருஷத்தில் அவர் முதலாளிக்குச் சொன்ன முதல் இல்லை அதுவாக இருக்க வேண்டும், ஹாஜியார் அப்படித் திகைத்துப் பார்த்தார். தவராசா துருசைக் கையால் காட்டினார். புதிதாக உதிர்ந்த காய்கள் மூடிய பலகையில் முட்டி முட்டித் திரும்பி, கரைப் பக்கமாக ஒதுங்கிக்கொண்டிருந்தன. ஹாஜியார் குடையை விரிக்கவும் மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பிறகு பெரிய குரலில் சிரித்தார்.

"மகன்ட கதய நான் பாத்துக்கொள்றேன். இது இப்பிடியே கிடக்கட்டும், ஜெசீமா."

எனக்குள் ஒரு வாரமாக இழுத்துக் கட்டியிருந்த ஏதோ அவிழ்ந்தது. காவல் கொட்டிலுக்குள் போய்க் கதிரையில் விழுந்தேன். மற்றவர்களும் வந்தார்கள். ஜெசீமா பார்சல்களை எடுத்தார். வெள்ளிக்கிழமை தவராசா மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொட மாட்டார் என்று அவருக்கு மட்டும் தனியாகப் பூசணிக்காயும் பருப்பும் சமைத்து, வேறு நூலால் கட்டியிருந்தார்.

தவராசா சப்பணம் கட்டி உட்கார்ந்து பார்சலைப் பிரித்தார். வெளியே மழை கொட்டியது. இரண்டு மூன்று முறை தலையைத் தூக்கித் துருசுப் பக்கம் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை. பருப்பைப் பிசைந்தார், பூசணியை நசுக்கினார், நிதானமாக, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் கடைசிக் கவளம் வரை சாப்பிட்டு முடித்தார். கையைக் கூரைக்கு வெளியே நீட்டி மழையிலேயே கழுவினார்.